செவ்வாய்க்கிழமைகளில் ஊர் பார்த்தவர்கள்

அந்த ஓட்டலில் எண்பத்து நான்கு அறைகள். எந்த அறையின் குழாய் முனகும், எந்த ஜன்னல் மழைக்கு உப்பிக்கொண்டு மூட மறுக்கும், எந்த அறையில் வெந்நீர் வருவதற்குள் ஆற அமரப் பல் தேய்த்து முடித்துவிடலாம் என்பதெல்லாம் ரிப்பேர் அண்ணனுக்கு அத்துப்படி. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் மாடிப்படி துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவர் ரிப்பேர் அண்ணன்தான். பத்தொன்பது வருஷமாக இடுப்பில் ஸ்பேனரும் சட்டைப் பையில் ஒரு பிடி ஊக்குமாக ஏழு மாடியும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

ஊக்கு எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். ஓட்டல் திரைச்சீலைகள் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி விடும். அந்த இடுக்கு வழியாக வருகிற வெளிச்சம் சரியாகத் தூங்குகிறவர் கண்ணிலேதான் விழும். இரண்டு ஊக்கு குத்திவிட்டால் தீர்ந்தது. இது அவர் மனைவி சொல்லிக்கொடுத்த வித்தை. அவள் வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஓட்டலிலிருந்து பத்து நிமிஷ நடையில் வீடு.

வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண் அறை ஒதுக்குவதற்கு முன் அவருக்குத்தான் போன் அடிப்பாள்.

"அண்ணே, ஒரு அம்மா வந்திருக்காங்க. ஊசி விழுந்தாக்கூட முழிச்சுக்குவாங்களாம். எந்த ரூம் குடுக்கட்டும்?"

"லிஃப்ட் பக்கத்துல குடுக்காத. ஏழாவது மாடியும் வேணாம், விடியக்காலைல தலைக்கு மேல மோட்டார் ஓடும். நாலாவது மாடி பின்பக்கம், நானூத்திப் பதினொண்ணு குடு. ரூம் சின்னதுதான். ஆனா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாங்க."

மறுநாள் அந்த அம்மா ஒன்பது மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை என்று அவள் சொல்லும்போது ரிப்பேர் அண்ணனுக்கு மீசை தானாகத் துடிக்கும்.

இப்படி ஓட்டலுக்குள் ராஜாவாக இருந்த மனிதரை ஒரு நாள் ஒரு கேள்வி கவிழ்த்துவிட்டது.

முந்நூற்றெட்டில் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் தங்கியிருந்தார். ஷவரில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார். ரிப்பேர் அண்ணன் ஷவர் தலையைக் கழற்றி அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா வாசலில் நின்றபடி கேட்டார்.

"இங்க மூணு நாள் இருப்பேன். என்னென்ன பாக்கலாம், சொல்லுங்களேன்."

"மியூசியம் பாருங்கம்மா. அப்புறம் மணிக்கூண்டு. ஆத்துல படகு உண்டு." பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை அப்படியே ஒப்பித்தார்.

"மியூசியத்துல உங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சுது?"

ரிப்பேர் அண்ணன் கையிலிருந்த ஷவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினெட்டு வயதில் இந்த ஊருக்கு வந்தவர். மியூசியத்தின் மதில் சுவர் ஓரமாக ஆயிரம் தடவையாவது நடந்திருப்பார். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

"நான்... போனதில்லைங்கம்மா."

அந்த அம்மா ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. "அதனால என்ன, வேலை இருக்கும்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவரை அதிகம் குத்தியது. ஷவரை மாட்டிவிட்டு வெளியே வந்தவருக்குக் காது மடல் சுட்டது.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "நான் மட்டும் என்னத்தக் கண்டேன்? கடைவீதி, துணிக்கடை, நூல் கடை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நீங்க எங்க கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள்.

"வர்ற செவ்வாய்க்கிழமை போலாம்."

"நிசமாவா?"

"நிசமாத்தான். என் வீக்லி ஆஃப். எங்கயும் அசைய மாட்டீங்கன்னு நீதான் சொல்லுவியே, பாரு."

கல்லூரியில் படிக்கும் மகள் உள்ளே இருந்து தலையை நீட்டினாள். "அப்பா, ஹனிமூனா?" என்று கேட்டுவிட்டு அம்மா எறிந்த நூல்கண்டுக்குத் தப்பி ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை இருவரும் நல்ல உடுப்பு உடுத்தி, தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு மியூசியத்துக்குப் போனார்கள். பெரிய இரும்புக் கதவு. அதில் தொங்கிய பலகையில், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று எழுதியிருந்தது.

ரிப்பேர் அண்ணன் அசடு வழிந்தார். மனைவி அவரைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்குத் தோன்றியது.

"சரி, ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டோம்ல. செவ்வாய்க்கிழமை யாரையும் இங்க அனுப்பக் கூடாது. வாங்க, படகுக்குப் போலாம்" என்றாள்.

அப்படித் தொடங்கியதுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும், செவ்வாய்க்கிழமை என்றால் இருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். மியூசியத்துக்காக ஓட்டல் எலெக்ட்ரீஷியனிடம் கெஞ்சி ஒரு புதன்கிழமையை மாற்றி வாங்கினார். படகில் பதினோரு மணிக்கு முன்னால் ஏறினால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் காதைக் கிழிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். மணிக்கூண்டில் நூற்று நாற்பத்திரண்டு படி. மேலே போனால் எல்லா ஜன்னலிலும் கம்பி வலை, ஒன்றும் உருப்படியாகத் தெரியாது. பொது நூலகத்தின் மூன்றாம் மாடி வராந்தாவில் நின்றால் ஆறு, பாலம், மணிக்கூண்டு மூன்றும் ஒரே பார்வையில் விழும். அங்கே லிஃப்டும் உண்டு. இதைக் கண்டுபிடித்தது மனைவி. முட்டி வலிக்கிறது என்று உட்கார இடம் தேடிப் போனவள் அங்கிருந்து, "என்னங்க, இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!" என்று நூலகமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

இருவர் பார்வையும் வேறு வேறு. அவர் போகிற இடமெல்லாம் கட்டடத்தைப் பார்ப்பார். தூண் எப்படி நிற்கிறது, மழைத் தண்ணீர் எங்கே போகிறது. அவள் மனிதர்களைப் பார்ப்பாள். எங்கே நிழலில் பெஞ்சு இருக்கிறது, எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறது, எந்தக் கடைக்காரர் வாங்காவிட்டாலும் முகம் சுளிக்கமாட்டார், எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாலே போதும், மறக்கமாட்டாள். அவர் தன் பங்குக்கு ரிப்பேர் சீட்டுகளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வார். எதைக் குறித்தோம் என்று தேட வேண்டியிருந்தால் அவளைக் கேட்பார்.

ஓட்டலில் பேச்சு பரவியது. பல்பு மாட்டப் போன இடத்தில், ஏசி பார்க்கப் போன இடத்தில், தங்க வந்தவர்கள் கேட்கக் கேட்க அவர் பிய்த்து உதறினார். குழந்தைகளோடு வந்தவர்களுக்கு ஒரு வழி, கால் முடியாதவர்களுக்கு ஒரு வழி, அரை நாள் மட்டுமே இருப்பவர்களுக்கு ஒரு வழி. போய்விட்டு வந்தவர்கள் அவரைத் தேடிப் பிடித்துக் கையைக் குலுக்கினார்கள்.

இதில் ஒருவருக்கு மட்டும் வயிறு எரிந்தது. லாபியில் சுற்றுலா மேசை போட்டிருந்தவர். எந்த வெயிலிலும் கழுத்தில் டை தொங்கும் என்பதால் அவருக்கு டை சார் என்று பெயர். ஏசி பஸ்ஸில் ஏற்றி ஒன்பது இடங்களை ஐந்து மணி நேரத்தில் காட்டிக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. பஸ்ஸில் காலி இருக்கைகள் கூடிக்கொண்டே போகவும், அவர் நேராக மேனேஜரிடம் போனார்.

மேனேஜர் புதியவர், கண்டிப்பானவர். ரிப்பேர் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்.

"கெஸ்ட் கூட நின்னு கதை பேசறீங்கன்னு புகார் வந்திருக்கு. யாராவது கேட்டா டூர் டெஸ்க்குக்கு அனுப்புங்க. நீங்க குழாயைப் பாருங்க, போதும்."

"சரிங்க சார்."

வேறென்ன சொல்வது? மறுநாளிலிருந்து யார் கேட்டாலும், "கீழ மேசைல கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தார். வீட்டில் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மனைவி மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் கேட்டே விட்டாள்.

"வாய மூடுன்னு சொன்னாங்க, சரி. காலக் கட்டிப்போடலியே? செவ்வாய்க்கிழமை கிளம்பணும். தெக்குக் கரைல ஒரு பூங்கா இருக்காம்."

கிளம்பினார்கள். ஆனால் குறிப்பெழுதும் சீட்டை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கவனித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டலில் இருபத்தாறு ஓய்வுபெற்ற நர்சுகள் தங்கியிருந்தார்கள். ஒரே ஆஸ்பத்திரியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பத்து வருஷம் கழித்துக் கூடியிருந்தார்கள். எல்லாரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அன்று காலை ஒன்பதுக்கு டை சாரின் பஸ். அதற்கென்றே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு பஸ் வரவில்லை. ஊரில் ஓட்டப் பந்தயமாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எல்லாச் சாலையையும் மதியம் வரைக்கும் மறித்துவிட்டார்களாம். அறிவிப்பு வந்திருக்கிறது, டை சார் பார்க்கவில்லை. போதாததற்கு ஒன்பதே காலுக்கு லிஃப்ட் நின்றது. கடைசியாக இறங்கிய இரண்டு பேர் மூன்றாம் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தார்கள். லிஃப்ட் கம்பெனி ஆள் போனில் சொல்லிவிட்டார்: சாலை திறக்காமல் தன்னால் வரமுடியாது.

லாபியில் இருபத்தாறு பேரும் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டை சார் முகத்தில் ஈயாடவில்லை. நர்சுகளில் மூத்தவர், எல்லாரும் மேட்ரன் அம்மா என்று கூப்பிடும் உயரமான பெண்மணி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எங்களுக்கு இந்த ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்கு ரயில். இங்கயே உக்காந்து சுவத்தப் பாக்கவா வந்தோம்?"

மேனேஜர் திரும்பினார். கருவிப் பெட்டியோடு லிஃப்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ரிப்பேர் அண்ணன் கண்ணில் பட்டார்.

"அண்ணே." மேனேஜர் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பஸ் இல்லாம இவங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போக முடியுமா?"

ரிப்பேர் அண்ணன் ஒரு கணம் யோசித்தார். பழையதைச் சொல்லிக் காட்ட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"முடியும் சார். பின்கேட் வழியா போனா படகுத்துறை ஆறு நிமிஷம். அக்கரைல ரோடு மறிக்கல. ஆனா நான் போக முடியாது. லிஃப்ட நான்தான் பாக்கணும், இவங்க திரும்பி வந்து மாடி ஏறணும்ல? வழி தெரிஞ்சவங்க இன்னொருத்தர் இருக்காங்க. வரச் சொல்றேன்."

"யாரு?"

"என் வீட்டுக்காரி."

போனில் கேட்டதும் அவள் அலறினாள். "நானா? இருபத்தாறு பேரா? உங்களுக்கென்ன பைத்தியமா? பத்துப் பேரு முன்னால நின்னு பேசினதில்ல நான்!"

"போன வாரம் பக்கத்து வீட்டுக்காரிக்கு நூலகத்தப் பத்திச் சொன்னியே. அப்படியே சொல்லு. இருபத்தாறு பக்கத்து வீட்டுக்காரின்னு நெனச்சுக்கோ."

மறுமுனையில் தையல் மெஷினின் மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பத்து நிமிஷம் குடுங்க. சேலை மாத்திட்டு வரேன்" என்றாள்.

அவள் வந்து நின்று முந்தானையை மூன்று தடவை சரிசெய்ததை அவர் மட்டும்தான் பார்த்தார். ஆனால் வாயைத் திறந்ததும் வந்த முதல் வார்த்தையே சரியாக இருந்தது.

"எல்லாரும் ஒரு தடவ பாத்ரூம் போயிட்டு வந்துருங்க. அடுத்தது நாப்பது நிமிஷம் கழிச்சு, நூலகத்துல. நடுவுல இருக்கறது எதுவும் நல்லா இருக்காது."

மேட்ரன் அம்மா புருவத்தை உயர்த்தினார். "இவங்க விஷயம் தெரிஞ்சவங்க" என்று தன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பின்கேட் வழியாக இருபத்தாறு பேர் வரிசையாகப் போனார்கள். முன்னால் போனவள், ஐந்தடி உயரம்கூட இல்லாத அவர் மனைவி.

ரிப்பேர் அண்ணன் மேலே மோட்டார் அறைக்குப் போனார். லிஃப்ட் கம்பெனி ஆள் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலே ஒன்றும் பழுதில்லை. பிறகு ஒவ்வொரு மாடிக் கதவாகச் சோதித்தார். ஐந்தாம் மாடிக் கதவில், கதவு மூடிவிட்டது என்று சொல்லும் சின்ன சுவிட்ச் தேய்ந்து போயிருந்தது. கதவு மூடினாலும் லிஃப்டுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஸ்டோரில் இருந்த ஒன்றை எடுத்து மாற்றி, பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது மணி இரண்டரை. கை வேலையில் இருந்தாலும் மனசு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. இந்நேரம் மியூசியமா? பக்கவாசலில் சாய்தளம் இருப்பதை மறந்திருப்பாளோ? யாருக்காவது தலை சுற்றினால்? இருபத்தாறு நர்சுகள் இருக்கும்போது அதற்குக் கவலைப்படுவானேன் என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

நாலு மணிக்குப் பேச்சுச் சத்தம் முதலில் வந்தது, பிறகு ஆட்கள் வந்தார்கள். வெயிலில் சிவந்த முகங்கள், எல்லார் வாயும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது. ரிப்பேர் அண்ணன் எண்ணினார். இருபத்தாறு. கடைசியாக அவர் மனைவி, யாரோ ஒருவரின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

மேட்ரன் அம்மா நேராக மேனேஜரிடம் போனார்.

"எத்தனையோ ஊர் சுத்தியிருக்கேன். வழிகாட்டின்னா வருஷக் கணக்கு சொல்லிச் சொல்லியே கொன்னுருவாங்க. இவங்க எங்கள மியூசியத்துல மேல் மாடிக்கு முதல்ல கூட்டிட்டுப் போனாங்க. ஏன் தெரியுமா? கூட்டம் எல்லாம் கீழ இருந்து ஆரம்பிக்குமாம், நாம மேல இருந்து இறங்கினா ஒவ்வொரு அறையும் நமக்கே நமக்காம். பழைய துணி வச்சிருக்கற அறைல அரை மணி நேரம் நின்னோம். முன்னூறு வருஷத்துத் தையல ஒவ்வொண்ணா காட்டினாங்க. எந்த இடத்துல தைச்சவளுக்குக் கை வலிச்சிருக்கும்னு கூடச் சொன்னாங்க. இவங்க உங்க ஸ்டாஃபா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "இல்ல மேடம். எங்க ரிப்பேர் அண்ணனோட மனைவி."

"அப்ப உங்க ஸ்டாஃபா ஆக்குங்க" என்றார் மேட்ரன் அம்மா, மருந்து எழுதித் தருகிற குரலில்.

துணி அறை விஷயம் ரிப்பேர் அண்ணனுக்கே புதிது. அந்தப் புதன்கிழமை அவர் தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் அங்கே கண்ணாடிப் பெட்டியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. வா போகலாம் என்று இரண்டு தடவை இழுத்தவர் அவர்தான்.

அடுத்த வாரம் மேனேஜர் அவளை வரவழைத்தார். சனி, ஞாயிறு காலைகளில் தங்க வருபவர்களை நடத்திக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டார். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, பின்னால் வருகிறவர்களுக்குக் காது கேட்காது. பள்ளி திறக்கிற மாசம் வரமுடியாது, சீருடை தைக்க வேண்டும். அப்புறம் ஒன்று: "எங்க வீட்டுக்காரர் கெஸ்ட் கூடப் பேசலாம்னு சொல்லணும். எனக்குத் தெரிஞ்சதுல பாதி அவரு காட்டினது."

மேனேஜர் எழுந்து நின்று, "பேசட்டும்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அறைக்கு வெளியே ஒரு குழாய்க்கு வேண்டாத மராமத்துப் பார்த்துக்கொண்டிருந்த ரிப்பேர் அண்ணன் காதில் அது தெளிவாக விழுந்தது.

அவளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் ஓட்டலின் முத்திரை, கீழே "நகர வழிகாட்டி" என்று எழுதியிருந்தது. அதை மகள் படம் எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். முதல் சனிக்கிழமை டை சார் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, நானும் ஒரு நாள் கூட வரலாமா? ஒன்பது இடத்தையும் நான் பஸ் ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கேன்."

"தாராளமா வாங்க தம்பி. டைய மட்டும் கழட்டிட்டு வாங்க, வேர்த்துக் கொட்டும்" என்றாள் அவள்.

ஒரு மாதம் கழித்து ரிப்பேர் அண்ணன் ஒரு சனிக்கிழமை லீவு போட்டார். காரணம் என்ன என்று எழுதும் இடத்தில் சொந்த வேலை என்று எழுதினார். பன்னிரண்டு பேருக்குப் பின்னால் பதின்மூன்றாவது ஆளாகப் போய் நின்றார். அவள் பார்த்தாள், பார்க்காதது போல நடந்தாள்.

பாலத்தின் மேல் நின்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் நடுக்கம் இல்லை. காற்றில் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, கையை நீட்டி அக்கரையைக் காட்டினாள். எல்லாத் தலையும் அந்தக் கை போன பக்கம் திரும்பியது. ரிப்பேர் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் குனிந்து, பாலத்தின் தூண்கள் எப்படி நிற்கின்றன என்று கிசுகிசுக்கத் தொடங்கினார்.

"அங்க பின்னால பேசறவரு" என்று குரல் வந்தது. "தூணப் பத்தி அடுத்ததா நானே சொல்லப் போறேன். கொஞ்சம் பொறுங்க."

கூட்டம் சிரித்தது. ரிப்பேர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் சிரிப்பை அடக்கியபடி, "கண்டிப்பான அம்மாதான். முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரிங்க" என்றார் ரிப்பேர் அண்ணன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அது பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.